கிரேக்கத் தீவான சாண்டோரினியில் தனி வழிகாட்டியோடு ஒரு நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தனிச் சுற்றுலா என்று பணம் கட்டினால் என்னென்ன கிடைக்கும்?

வண்டி உங்கள் குழுவுக்கு மட்டும். வெளியாட்கள் யாரும் ஏற மாட்டார்கள். எங்கே எவ்வளவு நேரம் நிற்பது என்பதை நீங்கள் சொல்லலாம், நடுவில் மாற்றவும் செய்யலாம். பெரும்பாலும் 4 முதல் 6 மணி நேரத்துக்குப் பேசுவார்கள்.

வாசலில் வந்து ஏற்றிக்கொள்வார்கள் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். ஃபிரா, இமெரோவிக்லி, ஓயா ஊர்களில் கடலைப் பார்த்த விடுதிகள் கால்டெராவின் விளிம்பில் தொங்குகின்றன. எரிமலை வெடித்து உள்ளே சரிந்ததால் உண்டாகி, பிறகு கடல் புகுந்து நிறைந்த பள்ளம்தான் கால்டெரா. அதன் சுவர் சில இடங்களில் 300 மீட்டர் உயரம். விடுதிக்குப் போகும் வழியெல்லாம் படிக்கட்டுச் சந்துகள். வண்டி வரக்கூடிய இடம் எது என்று விடுதியிடம் முதல் நாளே கேட்டு, வரைபடத்தில் அந்தப் புள்ளியை ஓட்டுநருக்கு அனுப்பிவிடுங்கள்.

ஓட்டுநரே எல்லாம் சொல்வாரே, வழிகாட்டி தனியாக எதற்கு?

அதிகம் பேர் ஏமாறும் இடம் இதுதான். கிரேக்கத்தில் தொல்லியல் தளங்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் உள்ளே விளக்கம் சொல்ல உரிமம் பெற்ற வழிகாட்டிகளுக்கு மட்டுமே அனுமதி. அவர்கள் அதற்கென்றே படித்து, உரிம அட்டை வாங்கியவர்கள். ஓட்டுநர் எவ்வளவு விஷயம் தெரிந்தவராக இருந்தாலும், எரிமலைச் சாம்பலில் புதைந்த பழைய நகரமான அக்ரோதிரியின் வாசலோடு நின்றுவிட வேண்டும். வண்டியில் போகும்போது ஊரைப் பற்றிப் பேசலாம், அவ்வளவுதான்.

எனவே முன்பதிவு செய்யும்போது "உரிமம் பெற்ற வழிகாட்டி எங்களோடு அக்ரோதிரிக்குள் வருவாரா?" என்று நேராகக் கேளுங்கள். "ஆங்கிலம் பேசும் ஓட்டுநர்" என்று மட்டும் பதில் வந்தால் உள்ளே யாரும் வரமாட்டார்கள் என்று அர்த்தம். அக்ரோதிரியைப் பார்க்கும் திட்டமே இல்லை, ஊர்களும் கடற்கரையும் போதும் என்றால் நல்ல ஓட்டுநரே தாராளமாகப் போதும். வழிகாட்டிக்கான பணத்தை மிச்சப்படுத்தலாம்.

ஒரே நாளில் தீவு முழுவதையும் பார்த்துவிட முடியுமா?

தீவு சுமார் 76 சதுர கிலோமீட்டர்தான். வடக்கு முனையில் ஓயா, தென்மேற்கு முனையில் அக்ரோதிரி கலங்கரை விளக்கம். காரில் ஒரு மணி நேரப் பயணம். தூரம் ஒரு பொருட்டே இல்லை. எங்கே எந்நேரத்தில் போய் நிற்கிறீர்கள் என்பதில்தான் நாள் நன்றாகப் போவதும் வீணாவதும்.

தீவிலேயே தங்குபவர்களுக்கு நாங்கள் சொல்லும் வரிசை இது. காலை ஏழரைக்குள் ஓயா. கடைகள் திறந்திருக்காது, கப்பல் கூட்டம் கரையேறியிருக்காது, பளிங்குக்கல் பாதையில் நிம்மதியாக நடக்கலாம். ஒன்பதரைக்குக் கிளம்பி இமெரோவிக்லியில் கொஞ்ச நேரம் நின்று, தெற்கே இறங்கி அக்ரோதிரி. உச்சி வெயிலில் அகழாய்வுத் தளமா என்று யோசிக்க வேண்டாம். தளம் முழுவதும் கூரைக்கு அடியில் இருக்கிறது. மற்ற எல்லா இடமும் தகிக்கும் நேரத்தில் அங்கே இருப்பதே புத்திசாலித்தனம். மதியச் சாப்பாடு பெரிவோலோஸ் அல்லது பெரிஸ்ஸா கடற்கரையில், கறுப்பு மணலுக்குப் பக்கத்தில். அதன் பிறகு எம்போரியோவின் பழைய கோட்டைக் குடியிருப்பு, திராட்சைத் தோட்டம் ஒன்று, கடைசியாக மேட்டு ஊரான பிர்கோஸ்.

இதைத் தலைகீழாக, ஓயாவைப் பதினொரு மணிக்கு வைத்து ஒரு திட்டம் வந்தால் மாற்றச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் ஓயாவின் ஒற்றைச் சந்தில் முதுகோடு முதுகு உரசித்தான் நகர முடியும்.

குரூஸ் கப்பலில் வருகிறோம். எங்கே சந்திப்பது? எவ்வளவு நேரம் கிடைக்கும்?

பெரிய குரூஸ் கப்பல்கள் சாண்டோரினியில் துறைமுகத்தை ஒட்டி நிற்பதில்லை. கால்டெராவுக்குள்ளேயே நின்று, டெண்டர் படகுகளில் ஆட்களைக் கரை சேர்ப்பார்கள். கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவை வாங்கியவர்களை முதலில், பெரும்பாலும் பேருந்துகள் காத்திருக்கும் அதினியோஸ் துறைக்கு, அழைத்துப்போவார்கள். தனியாக ஏற்பாடு செய்தவர்கள் ஃபிராவுக்கு நேர் கீழே உள்ள பழைய துறைமுகத்தில் இறங்குகிறார்கள். அங்கே சாலை கிடையாது. உங்கள் வண்டி அங்கே வரவே முடியாது.

மேலே ஏற மூன்று வழி. முதலாவது, கேபிள் கார். பயணம் சில நிமிடம்தான், ஆனால் மூன்று நான்கு கப்பல் நிற்கும் நாளில் வரிசை ஒரு மணி நேரத்தைத் தாண்டும். இரண்டாவது, ஏறக்குறைய 590 படிகள். படிகள் அகலமாக, வழுவழுப்பாக இருக்கும், நிழல் இல்லை. அதே பாதையில்தான் கழுதைகளும் இறங்கி ஏறுகின்றன. சாணத்தில் வழுக்கி விழுபவர்கள் உண்டு, கழுதைக் கூட்டம் வரும்போது சுவரோரம் ஒதுங்கியே ஆக வேண்டும். மூன்றாவது, கழுதைச் சவாரி. அதன் முதுகில் 100 கிலோவுக்கு மேலோ, அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேலோ ஏற்றக் கூடாது என்று கிரேக்க அரசு 2018-இல் விதி போட்டது. வெயிலில் நாளெல்லாம் படியேறும் அந்தப் பிராணிகளைப் பார்த்தால் விதி மட்டும் போதாது என்று தெரியும். தயவுசெய்து ஏறாதீர்கள்.

சந்திப்பு இடம் கேபிள் கார் மேல் நிலையத்தின் வெளிவாசல். நேரத்தைக் குறிப்பதில்தான் தவறு நடக்கிறது. கப்பல் 8 மணிக்கு வருகிறது என்றால் 8:30-க்கு ஓட்டுநரை வரச் சொல்வார்கள். டெண்டர் சீட்டு வாங்கி, படகில் இறங்கி, வரிசையில் நின்று மேலே வரப் பத்து மணியாகும். இடையில் ஓடியது உங்கள் பணம். கப்பல் வந்து நின்ற நேரத்திலிருந்து ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் தள்ளி வையுங்கள். கப்பலின் பெயரைச் சொல்லிவிட்டால் நல்ல நிறுவனங்கள் அதன் வருகையைத் தாங்களே கவனித்துக்கொள்ளும்.

இன்னொரு வழி உண்டு, தெரிந்தவர்கள் அதையே எடுக்கிறார்கள். பழைய துறைமுகத்திலிருந்து ஓயாவுக்குக் கீழே உள்ள அம்மூதி துறைக்குப் படகு போகும், ஏறக்குறைய அரை மணி நேரம். அம்மூதிவரை சாலை இருப்பதால் வண்டி அங்கேயே வந்துவிடும். காலை கேபிள் கார் வரிசை மிச்சம். ஓயாவையும் முதலிலேயே பார்த்துவிடலாம். காற்று பலமாக அடித்தால் அந்தப் படகு ஓடாது என்பதால், மாற்றுத் திட்டத்தையும் ஓட்டுநரோடு பேசி வையுங்கள்.

திரும்பும்போது கவனம் இரட்டிப்பாக வேண்டும். ஏறும்போது சிதறி வந்தவர்கள் இறங்கும்போது ஒரே நேரத்தில் வரிசையில் நிற்பார்கள். கடைசி டெண்டருக்கு ஒன்றரை மணி நேரம் முன்பாவது கேபிள் கார் வாசலில் நில்லுங்கள். முழங்கால் நன்றாக இருந்தால் படியில் நடந்தும் இறங்கலாம், அரை மணி நேரம் போதும். தனியாகப் போனவருக்காகக் கப்பல் காத்திருக்காது. கடிகாரத்தையும் பாருங்கள்: இத்தாலியை விடக் கிரேக்கம் ஒரு மணி நேரம் முன்னால். சில கப்பல்கள் தங்கள் நேரத்தை மாற்றுவதில்லை, கைப்பேசியோ கரையேறியதும் தானே மாறிக்கொள்ளும். இரண்டும் குழம்பிக் கப்பலைத் தவறவிட்டவர்கள் உண்டு.

2025 முதல் ஒரு நாளைக்கு 8,000 குரூஸ் பயணிகள் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். அதே ஆண்டு ஜூலையில் குரூஸ் பயணிகளுக்கான கட்டணமும் வந்தது. சாண்டோரினியில் ஜூன் முதல் செப்டம்பர்வரை தலைக்கு 20 யூரோ. பொதுவாக இதைக் கப்பல் கணக்கிலேயே சேர்த்துவிடுவார்கள். சுற்றுலா நிறுவனம் தனியாகக் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

கப்பல் தீவுக்கே வராமல் போய்விட்டால்?

நடக்கும். ஜூலை, ஆகஸ்டில் வடக்கிலிருந்து மெல்டெமி என்ற காற்று நாள்கணக்கில் அடிக்கும். வானம் நீலமாக இருக்கும், மழை இருக்காது, ஆனால் டெண்டர் படகை இறக்க முடியாது. கப்பல் அப்படியே அடுத்த ஊருக்குப் போய்விடும். "கப்பல் வராவிட்டால் முழுப் பணமும் திரும்பும்" என்று எழுத்தில் இருக்கும் நிறுவனத்தில் மட்டும் பதிவு செய்யுங்கள். "24 மணி நேரம் முன்பு ரத்து செய்தால்" என்ற விதி இங்கே உதவாது. கப்பல் திரும்பிப் போகும் முடிவு அன்று காலையில்தான் எடுக்கப்படும்.

விலையை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

தலைக்கு அல்ல, வண்டிக்கு. அதனால் இரண்டு பேர் போவதற்கும் ஆறு பேர் போவதற்கும் விலையில் பெரிய வித்தியாசம் இருக்காது. இன்னொரு குடும்பத்தோடு சேர்ந்தால் சுமை பாதியாகும். வண்டியும் ஓட்டுநரும் ஒரு கணக்கு, உரிமம் பெற்ற வழிகாட்டி இன்னொரு கணக்கு. அக்ரோதிரி நுழைவுச் சீட்டு, ஒயின் சுவைத்தல், சாப்பாடு, கேபிள் கார் ஆகியவை பெரும்பாலும் இதில் சேராது. 24 சதவீத வாட் வரி விலைக்குள்ளா வெளியேயா என்று கேளுங்கள். கூடுதல் நேரத்துக்கு மணிக்கு எவ்வளவு என்பதையும் முன்பே பேசிவிடுங்கள். அன்பளிப்பு கட்டாயமில்லை, மனதுக்குத் திருப்தியாக இருந்தால் ரொக்கமாகக் கொடுக்கலாம்.

அக்ரோதிரியில் அப்படி என்ன இருக்கிறது?

எங்களைக் கேட்டால், தனி வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணம் முழுவதும் இங்கேதான் ஈடாகிறது.

கிறிஸ்துவுக்கு முன் சுமார் 1600 வாக்கில், வெண்கலக் காலத்தில், எரிமலை வெடித்துச் சாம்பலிலும் நுரைக்கல் தூளிலும் புதைந்துபோன துறைமுக நகரம். 1860-களில் சூயஸ் கால்வாய் வேலைக்கான சிமென்டுக்காக இந்தத் தீவுகளில் எரிமலைச் சாம்பலை வெட்டியெடுத்தபோதுதான் அடியில் பழைய குடியிருப்புகள் இருப்பது தெரியவந்தது. ஸ்பிரிடோன் மரினாத்தோஸ் 1967-இல் முறையான அகழாய்வைத் தொடங்கினார். 2005-இல் புதிய கூரையின் ஒரு பகுதி இடிந்து ஒரு பயணி இறந்தார். தளம் மூடப்பட்டு 2012-இல்தான் மறுபடி திறந்தது.

வழிகாட்டி இல்லாமல் உள்ளே போனால் தூசி படிந்த சுவர்களும் ஜாடிகளும்தான் தெரியும், இருபது நிமிடத்தில் வெளியே வந்துவிடுவீர்கள். தெரிந்தவர் கூட இருந்தால் ஒன்றேகால் மணி நேரம் போதாது. மேற்கு வீடு என்று பெயரிட்ட கட்டடத்தின் முன் நிற்கச் சொல்லுங்கள். அதன் மாடியில் ஒரு கழிப்பிடம் இருந்தது. அங்கிருந்து சுவர் வழியே சுட்ட மண் குழாய் இறங்கி, தெருவின் கல் தளத்துக்கு அடியில் ஓடும் சாக்கடையில் சேர்கிறது. மூவாயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன் மாடி வீட்டில் இந்த வசதி! சில வாசல்களில் கல் படிக்கட்டுகள் குறுக்காக உடைந்து கிடக்கும்; வெடிப்புக்கு முன் வந்த நிலநடுக்கம் செய்த வேலை. இங்கே மனித எலும்புக்கூடுகள் கிடைக்கவில்லை. நிலநடுக்கத்தை எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டு மக்கள் ஊரைக் காலி செய்திருக்கிறார்கள்.

சுவர் ஓவியங்கள் இங்கே இல்லை என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள். குத்துச்சண்டை போடும் சிறுவர்களும் வசந்தகால ஓவியமும் ஏதென்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நீலக் குரங்குகள் ஃபிராவில் உள்ள தொல்தேரா அருங்காட்சியகத்தில் (தேரா என்பது சாண்டோரினியின் இன்னொரு பெயர்). 1999-இல் கிடைத்த குட்டித் தங்க வரையாட்டுச் சிலையும் அங்கேதான். அக்ரோதிரியைப் பார்த்த பிறகு அங்கே போனால் ஒவ்வொன்றும் எந்த வீட்டிலிருந்து வந்தது என்று புரியும். வாரத்தில் ஒரு நாள் விடுமுறை உண்டு, அது பருவத்துக்குப் பருவம் மாறும் என்பதால் வழிகாட்டியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சீட்டைக் கலாசார அமைச்சகத்தின் இணையதளத்தில் முன்பே வாங்கலாம்.

சூரிய அஸ்தமனத்தை ஓயாவில்தான் பார்க்க வேண்டுமா?

வேண்டியதில்லை. ஓயா கோட்டை இடிபாட்டில் இடம் பிடிக்க இரண்டு மணி நேரம் முன்பே போய் உட்கார வேண்டும். முடிந்ததும் எல்லா வண்டியும் ஒரே சாலையில் திரும்பும். மணிக்கணக்கில் பணம் கொடுக்கும் வண்டியை அந்த நெரிசலில் நிறுத்தி வைப்பது வீண். அதே சூரியன் பிர்கோஸ் கோட்டை மேலிருந்தும், இமெரோவிக்லியில் ஸ்காரோஸ் பாறைக்கு எதிரிலிருந்தும், அக்ரோதிரி கலங்கரை விளக்கத்தடியிலும் தெரியும். ஜூன் கடைசியில் இரவு 8:40 வாக்கில், அக்டோபர் நடுவில் 6:45 வாக்கில் மறைகிறது. நாலு மணிக்கு முடியும் சுற்றுலாவில் "அஸ்தமனம்" என்று போட்டிருந்தால் கேள்வி கேளுங்கள்.

படத்துக்காக மொட்டை மாடிகளில் ஏறாதீர்கள். அவை வீடுகள், தேவாலயங்கள். நீலக் குவிமாடங்கள் தெரியும் பொதுவான சந்து இருக்கிறது, வழிகாட்டிக்கு அது தெரியும்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

நன்றாகவே கிடைக்கும், அதுவும் இந்த மண்ணில் விளைந்ததாக. ஃபாவா என்பது இங்கே விளையும் ஒருவகை மஞ்சள் பருப்பை வேகவைத்து மசித்து, வெங்காயமும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்தது. பருப்பு மசியல் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்குச் சட்டென்று பிடித்துப்போகும். தொமாதோகெஃப்தேதெஸ் என்பது சிறு தக்காளியில் செய்து எண்ணெயில் பொரித்த உருண்டை. வெள்ளைக் கத்தரிக்காயும் தீவின் சிறப்பு. அடைத்த தக்காளியான கெமிஸ்தாவைக் கேட்கும்போது உள்ளே இறைச்சி இருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டு விதமாகவும் செய்வார்கள்.

"நிஸ்டீசிமோ" என்ற சொல்லைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கிரேக்கத் திருச்சபையின் நோன்புக்கால உணவு அது: இறைச்சி, பால், முட்டை கிடையாது. ஆனால் கணவாயும் இறாலும் நோன்புக்கு ஆகும் என்பது அவர்கள் வழக்கம். அதனால் "கடல் உணவும் வேண்டாம்" என்று சேர்த்துச் சொல்லியே ஆக வேண்டும்.

திராட்சைத் தோட்டம் பார்ப்பது அவசியமா? நாங்கள் மது அருந்துவதில்லை.

அருந்தாவிட்டாலும் தோட்டத்தைப் பாருங்கள். கொடியைப் பந்தலில் ஏற்றாமல், தரையோடு கூடை போலச் சுற்றி வளர்க்கிறார்கள், பெயர் கூலூரா. காய் கூடைக்குள் இருப்பதால் காற்றும் மணலும் அடிக்காது, இரவு ஈரமும் தங்கும். களிமண் இல்லாத எரிமலை மண் என்பதால், ஐரோப்பியத் தோட்டங்களை 19-ஆம் நூற்றாண்டில் அழித்த வேர்ப்பூச்சி இங்கே பிழைக்கவில்லை. அசிர்திகோ என்ற வெள்ளைத் திராட்சைதான் முதன்மை. அறுவடை ஆகஸ்டிலேயே தொடங்கிவிடும். செப்டம்பரில் வந்தால் பெரும்பாலும் காய் இருக்காது.

வயதானவர்கள், குழந்தைகள் வந்தால் சமாளிக்க முடியுமா?

சக்கர நாற்காலிக்கு அக்ரோதிரி நல்ல இடம். சாய்வுப் பாதை உண்டு. ஓயாவிலும் பிர்கோஸிலும் படிகள் தப்பாது. கேபிள் கார் நிலையங்களிலும் படிகள் இருப்பதால், நடக்க முடியாதவர் கப்பலில் வருகிறார் என்றால் அதினியோஸில் இறக்கும் கப்பல் நிறுவனச் சுற்றுலாவே அவருக்குச் சரி. இதில் நாங்கள் தனிச் சுற்றுலாவைப் பரிந்துரைப்பதில்லை. குழந்தை இருக்கையை வயதும் எடையும் சொல்லி முன்பே கேளுங்கள். அதினியோஸ் சாலையின் கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி வரும் குழந்தைக்கு மாத்திரையைக் கப்பலிலேயே கொடுத்துவிடுங்கள். குழாய்த் தண்ணீரைக் குடிக்க வேண்டாம்.

கால்டெராவுக்குள் இருக்கும் எரிமலைத் தீவுகளுக்குப் போகும் படகுப் பயணத்தையும் அதே நாளில் சேர்க்கலாமா?

கப்பலில் வருபவர்கள் வேண்டாம், நேரம் போதாது. தங்குபவர்கள் இன்னொரு நாளில் வைத்துக்கொள்ளுங்கள். நெயா கமெனி தீவில் எரிமலை வாய்வரை அரை மணி நேர ஏற்றம்; உதிரிக் கற்கள், துளி நிழல் கிடையாது, செருப்பு ஆகாது. பக்கத்துத் தீவான பலயா கமெனியின் வெந்நீர் ஊற்றுக்குப் படகிலிருந்து குதித்து நீந்திப் போக வேண்டும். நீச்சல் தெரியாதவர் படகிலேயே இருப்பார். இரும்புச்சத்து கலந்த நீர் வெளிர் உடையில் பழுப்புக் கறை விடும்.

நிலநடுக்கச் செய்தி கேட்டோம். போகலாமா?

2025 ஜனவரி, பிப்ரவரியில் சாண்டோரினிக்கும் பக்கத்துத் தீவான அமோர்கோஸுக்கும் இடையே ஆயிரக்கணக்கில் அதிர்வுகள் வந்தன, ஆயிரக்கணக்கானோர் தீவை விட்டுப் போனார்கள், பிறகு அடங்கியது. 1956 ஜூலையில் வந்த பெரிய நிலநடுக்கத்தில் 53 பேர் இறந்தார்கள். எரிமலை கடைசியாக வெடித்தது 1950-இல். கிளம்பும் வாரத்தில் கிரேக்கக் குடிமைப் பாதுகாப்புத் துறை சொல்வதைப் பாருங்கள். அவசர எண் 112. சிவப்புக் கடற்கரையில் பாறை சரியும் ஆபத்து எப்போதும் இருக்கிறது. எச்சரிக்கைப் பலகையைத் தாண்டி இறங்காமல், மேட்டிலிருந்து பார்த்துவிட்டுத் திரும்புங்கள். கீழே கூட்டிப்போகிறேன் என்று ஓட்டுநர் சொன்னாலும் மறுத்துவிடுங்கள்.

விசா?

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்கு, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். இஸ்தான்புலில் தொடங்கி மறுபடி அங்கேயே முடியும் கப்பலாக இருந்தாலும் சாண்டோரினியில் கரையேற அது தேவை. வழியில் ஷெங்கனுக்கு வெளியே போய் மீண்டும் உள்ளே வரும் பயணம் என்றால், பலமுறை நுழையும் விசாவாகக் கேளுங்கள்.

முன்பணம் கட்டுமுன் என்னென்ன எழுத்தில் வாங்க வேண்டும்?

சந்திப்பு இடமும் நேரமும், வண்டியில் எத்தனை இருக்கை, உள்ளே வரும் வழிகாட்டி உரிமம் பெற்றவரா, வரி சேர்ந்த மொத்த விலை, கூடுதல் மணி நேரக் கட்டணம், கப்பல் வராவிட்டால் பணம் திரும்பும் என்ற வரி. கூடவே அன்றைய ஓட்டுநரின் கைப்பேசி எண். அலுவலக எண் மட்டும் இருந்தால், கேபிள் கார் வாசலில் பெயர்ப் பலகை பிடித்து நிற்கும் இருபது பேரில் உங்கள் ஆளைத் தேடுவது கஷ்டம்.